பாரிஸின் பொன்முலாம் விளக்குகள்

பளிங்குப் பீடத்தின்மேல் வெண்கலப் பெண் உருவம் ஒன்று நிற்கும். அவள் உயர்த்திய கையிலிருந்து அல்லிக் கொத்துபோல் கிளைகள் பிரியும்; ஒவ்வொரு பூவிலும் மெழுகுவர்த்தி செருக ஒரு குழி. பதினாறாம் லூயி காலத்துப் பிரெஞ்சு மாளிகைகளுக்கு இத்தகைய கிளைவிளக்குகளைப் பெரும்பாலும் இணையாகவே செய்தார்கள். கணப்படுப்பின் மேல்தட்டில் நடுவே கடிகாரம், இருபுறமும் விளக்குகள், பின்னால் பெரிய கண்ணாடி. மின்சாரம் இல்லாத இரவில், மெழுகுவர்த்தியின் சிறு சுடரைக் கண்ணாடியும் பொன்னும் பன்மடங்காக்கின.

ஒரு விளக்கு பல கைகள் மாறியே உருவானது. க்ளோடியோன் போன்ற சிற்பிகள் உருவங்களுக்கு மாதிரி தந்தார்கள். வார்ப்புக்காரர் அவற்றைப் பகுதி பகுதியாக வார்த்தார். பிறகு செதுக்குபவர் நுண்ணுளியால் இலை நரம்பையும் கூந்தல் இழையையும் தெளிவாக்கினார்.

கடைசியாக வருபவர் முலாம் பூசுபவர். பொன்னைப் பாதரசத்தில் கரைத்து, வெண்ணெய்ப் பதத்தில் ஒரு கலவை செய்வார். வெண்கலத்தின்மேல் அதைத் தடவி நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போகும். பொன் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். பளபளக்க வேண்டிய இடங்களை வழவழப்பான கல்லால் தேய்ப்பார். மற்ற இடங்களை மங்கலாகவே விடுவதும் ஒரு கலை. அதில் பேர்பெற்றவர் பியர் கூத்தியேர். அரசவைக்கும் முந்தைய அரசரின் காதலி மதாம் து பாரிக்கும் வேலை செய்த அவர், வர வேண்டிய பணம் கைக்கு வராமல் 1813இல் வறுமையில் இறந்தார்.

அந்தப் பாதரச ஆவி எங்கே போனது? அடுப்பருகே நின்றவரின் நுரையீரலுக்குள். கை நடுக்கமும் வாய்ப்புண்ணும் இந்தத் தொழிலின் நோய்கள். வெண்கலப் பட்டறை உரிமையாளர் ரவ்ரியோ இதைக் கண்கூடாகக் கண்டவர். 1814இல் இறந்த அவர், தொழிலாளர்களைப் பாதரசத்திலிருந்து காக்க வழி கண்டுபிடிப்பவருக்கு 3,000 பிராங்க் பரிசளிக்கும்படி உயில் எழுதி வைத்திருந்தார். வேதியியலாளர் டார்சே அந்தப் பரிசை வென்றார். நச்சுக் காற்றைப் புகைபோக்கி வழியே இழுத்து வெளியேற்றும் அடுப்பு அவருடையது. அதை விளக்கும் அவரது நூல் 1818இல் வெளிவந்தது. அந்தப் பட்டறைகள் கண்ட பொருள்களிலேயே மிக அழகானது அந்த அடுப்புதான்.

1840களில் மின்முலாம் பரவத் தொடங்கியது. விலை குறைந்தது, ஆபத்தும் குறைந்தது.

அருங்காட்சியகக் குறிப்பட்டைகளில் பல, "பொன்முலாம் பூசிய வெண்கலம், பளிங்கு" என்பதோடு நின்றுவிடுகின்றன. பாதரச முறையில் பூசிய விளக்கென்றால் அதையும் எழுதுங்கள். பார்க்க வருபவர்களுக்கு அது தெரிய வேண்டும்.