இசைக்கு முன் ஒரு பட்டியல்

சங்கீதம் கற்பிக்கும் ஒருவனுக்குச் சலனப்படத்துக்கு இசை அமைக்கவும் தெரிந்திருக்கும் என்று ஊரவர் எளிதில் நம்பிவிடுகின்றனர். நானும் அவ்வாறே நம்பினேன். அது எத்துணைப் பேதைமை என்பதை எனக்கு உணர்த்தியவர் சங்கீத விற்பன்னர் எவருமல்லர். கரையோரக் கிராமத்துத் தாயார் ஒருவர்.

என்னிடம் முன்னர் வயலின் பயின்ற மாணவர் ஒருவர் கடற்றொழிலாளர் வாழ்வு குறித்து 20 நிமிட விவரணப்படம் ஒன்றை எடுத்திருந்தார். பின்னணி இசை என் பொறுப்பாயிற்று. கடலுக்குப் போய் மீளாத மகனைப் பற்றி அத்தாயார் பேசுகின்ற காட்சி ஒன்று அதில் உண்டு. அதனைக் கண்ட இரவே வயலினைக் கையில் எடுத்தேன். முகாரி பெருகிற்று. பத்து நாட்கள் அந்த ஒரு காட்சியிலேயே மூழ்கிக் கிடந்தேன். இதற்கிடையில் மாணவர் படத்தை இரு தடவை வெட்டிச் சுருக்கினார். நானும் இசையை இரு தடவை வெட்டி ஒட்டினேன். எஞ்சிய காட்சிகளுக்குக் கடைசி இரண்டு இரவுகளில் கைக்கு வந்ததையெல்லாம் இட்டு நிரப்பினேன்.

அவ்வூர் வாசிகசாலையில் படம் முதன்முறை திரையிடப்பட்டது. பலர் இசையைப் புகழ்ந்தனர். விளக்குகள் எரிந்த பின்னர் தாயார் என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், நான் பிள்ளையைப் பற்றிச் சொன்னது ஒருத்தருக்கும் கேட்டிராது" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். என் முகாரி அவர் குரலை மூடிவிட்டிருந்தது.

அடுத்த திரையிடலுக்கு எட்டு நாட்களே இருந்தன. "சேர், எல்லாத்தையும் புதுசாய்ச் செய்ய நேரம் காணாதே?" என்றார் மாணவர். பழைய முறையிலே செய்தால் காணாதுதான். ஆகவே முறையையே மாற்ற வேண்டியதாயிற்று.

அந்நாட்களில் என் நினைவில் அடிக்கடி வந்தது, 1955இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'. அப்படத்துக்கு ரவிசங்கர் ஒரே இரவில், ஏறத்தாழ 11 மணி நேர ஒலிப்பதிவில், இசை அமைத்தார் என்பதை இசையன்பர் பலர் அறிவர். அதற்கு முன் அவர் கண்டது படத்தின் பாதியளவு மாத்திரமே. இதனை மேதையின் அற்புதம் என்பார் சிலர். கடைசி இரவிலே வேலை செய்வதற்கு நியாயமாகக் காட்டுவார் வேறு சிலர். பின்னவர்களுள் நானும் ஒருவனாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயின், படத்தைப் பார்க்குமுன்பே அதன் மூல மெட்டு ரவிசங்கரின் முணுமுணுப்பில் உருவாகிவிட்டிருந்தது. மழைக்குத் தேஷ் ராகம் என்பது போல, எவ்விடத்துக்கு எது வேண்டும் என்பதில் ராயும் தெளிவாக இருந்தார். ஓர் இரவு போதியதாயிருந்ததற்கு இவையும் காரணங்கள் அல்லவா?

அப்படத்தின் ஓரிடம் எனக்குத் தனிப்பாடமாக அமைந்தது. நெடுநாட் பிரிவின் பின் வீடு திரும்பும் தந்தைக்கு, மகள் துர்க்கா இறந்த செய்தி தெரியாது. தாய் வாய்விட்டு அழுகின்றாள். அவளது அழுகுரலை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் தக்ஷிணா மோகன் தாகூர் வாசித்த தார்ஷெனாயின் உச்சத் தாயி ஒலியை மட்டும் வைத்தார் ராய். வில்லால் இழைத்து, உலோகக் குழலால் ஓசையைப் பெருக்கும் கருவி அது. அங்கே குரல் விலகிற்று, வாத்தியம் நின்றது. அந்தத் தாய் நடித்தவர். நான் இசை அமைத்த படத்தின் தாயோ தம் வாழ்வைச் சொன்னவர். இங்கே விலக வேண்டியது எது என்பதை நான் வயலினை எடுக்குமுன் சிந்தித்திருக்க வேண்டும்.

ஆதலால் இம்முறை வாத்தியங்கள் எதனையும் தொடவில்லை. முதல் இரண்டு நாட்களும் தாளும் பென்சிலுமாய் இருந்தேன். படத்தை இனி வெட்டுவதில்லை என்று மாணவரிடம் வாக்குறுதி பெற்ற பின்னரே வேலையைத் தொடங்கினேன். இதனை முதலிலேயே பெறாதவன் மணலிலே கோடு கிழிக்கிறான். பின்னர் இருவரும் கூடியிருந்து ஒரு பட்டியல் எழுதினோம்: இசை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அவ்வேளை யார் பேசுகிறார், அலையோ காற்றோ இயந்திரப் படகோ ஏற்கெனவே ஒலிக்கின்றதா, அதற்கு மேலும் இசை வேண்டுமா? முந்திய தடவை 17 நிமிடங்கள் இசை ஒலித்தது. பட்டியல் முடிந்தபோது தேவைப்பட்டது 6 நிமிடங்களே! வேலையில் பெரும்பகுதி ஒரு சுரமும் எழுதாமலே குறைந்துபோயிற்று.

அடுத்தது கணக்கு. 35 மில்லிமீற்றர்ச் சலனப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடும். அக்காலத்து ஹொலிவூட் இசையமைப்பாளர்கள் குறித்த சட்ட இடைவெளிகளில் ஒலித்தடத்திலே துளையிட்டு, அதனால் எழும் 'டிக்' ஓசையைக் காதிற் கேட்டபடி வாத்தியக் குழுவை நடத்தினர். 12 சட்டங்களுக்கு ஒன்றென்றால் நிமிடத்துக்கு 120 தட்டு. இன்று கணினி அத்துளைகளை இடாமலே தட்டும். கணக்கை மாத்திரம் நாம்தான் போட வேண்டும். வலை இழுக்கும் காட்சி 38 விநாடி. ஆதி தாளத்தில் நிமிடத்துக்கு 60 தட்டு வைத்தால், நாலு ஆவர்த்தனம் முடிந்து ஆறு தட்டு அந்தரத்தில் தொங்கும். 63 ஆக்கினால் ஐந்து ஆவர்த்தனமும் நிறைந்து, வலை கரைசேரும் கணத்தில் சமம் விழும். இதனைச் செவி பேதமாக உணராது. முன்னர் நான் மெட்டை அமைத்த பின் வாலை வெட்டினேன். இப்போது அளவெடுத்த பின் தைத்தேன்.

வாத்தியங்களையும் குறைத்தேன். ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ'வுக்கு (1960) பேர்னாட் ஹேர்மன் தந்தி வாத்தியங்களை மாத்திரமே கொண்டு இசை எழுதினார் என்பது ஞாபகத்துக்கு வந்தது. கணினியில் நூறு வாத்தியங்கள் காத்திருக்கும்போது ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்ப்பதிலேயே இரவுகள் கழிந்துவிடுகின்றன. வயலின், புல்லாங்குழல், மிருதங்கம் மூன்றையும் சுருதியும் ஒலியளவும் சரிசெய்து ஒரே கோப்பில் வைத்து, எல்லாக் காட்சிகளையும் அதிலிருந்தே தொடங்கினேன். நான்காம் நாள், பண்படாத வரைவுகளையே மாணவருக்குக் கேட்பித்தேன். கலைஞனுக்குச் சற்று வெட்கமான காரியந்தான். ஆயினும் இரண்டை அவர் வேண்டாமென்றபோது, அவற்றில் நான் இழந்தது அரைநாள் உழைப்பு மட்டுமே.

ஏழாம் நாள் மாலை வேலை முடிந்தது. பட்டியலில் தாயாரின் காட்சிக்கு எதிரே, 'இசை இல்லை. அலை மட்டும்' என்று எழுதியிருந்தோம்.

எட்டாம் நாள் அதே வாசிகசாலையில் அவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். தம் குரலைத் தாமே கேட்டார். சனங்கள் அசையாதிருந்தனர். படம் முடிந்ததும் என்னிடம் வந்து, கையைப் பற்றிக்கொண்டு சிறிதுநேரம் பேசாது நின்றார்.

பின்னர், "மாஸ்டர், அந்த வயலின் எங்கை? அதுவும் நல்லாய்த்தான் இருந்தது" என்றார்.