கூடு கட்டிய கை எது?



பாலாற்றின் ஒரு கரையில் பழையசீவரம், எதிர்க்கரையில் திருமுக்கூடல். திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழனுடைய கல்வெட்டு ஒன்று இருக்கின்றது. அங்கே 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர்சாலை நடந்ததையும், நோயாளர்க்கு மருந்தளித்த மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பதையும் அக்கல் இன்றும் நமக்குச் சொல்கின்றது. உழைத்தவன் பெயரைக் கல் காத்துக் கொடுத்தது. ஆனால் மரத்தாலும் தகட்டாலும் ஆன ஒரு பழைய மோட்டார் வண்டியைச் செய்தவன் பெயரை யார் காப்பது?

இறந்தோரைச் சுமந்து செல்லும் பழைய ஊர்தி ஒன்று ஏதோவொரு கொட்டகையில் தூசி படிந்து நிற்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். ஸ்டேஷன் வேகன் என்னும் வகைக் காரை நீட்டி அமைத்தது அது. இரயில் நிலையத்திலிருந்து ஆட்களையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிவரப் பிறந்த வண்டியாதலால் அதற்கு அப்பெயர். பின்புறம் முழுதும் தட்டையான தளமும், பின்னே திறக்கும் கதவும் இருந்தமையால், குறைந்த செலவில் அமரர் ஊர்தி வேண்டியோர்க்கு அது பொருத்தமாக அமைந்தது.

இதனைச் செய்தவர் யார்? முகப்பில் ‘போர்டு’ என்று பொறித்திருந்தால், போர்டு என்றே விடை கூறத் தோன்றும். அது பாதி விடைதான். பொறியையும் சட்டகத்தையும் ஒரு கம்பெனி செய்யும். அதன்மேல் கூடு கட்டுவது வேறொரு பட்டறையாக இருக்கலாம். கரூரில் பேருந்துகளுக்குப் ‘பாடி கட்டுவது’ போலத்தான் இதுவும். அமெரிக்காவில் போர்டு கார்களை டொலீடோ நகரத்துச் சீபர்ட் நிறுவனம் அமரர் ஊர்திகளாக மாற்றியது. பாக்கார்டு சட்டகத்தின்மேல் பிரீபோர்ட் நகரத்து ஹென்னி நிறுவனம் 1954 வரை கூடு கட்டியது. ஆகவே, காரின் பெயர் வேறு. கூட்டின் பெயர் வேறு.

நம் சென்னையிலும் இக்கலை தழைத்தது. 1840இல் தோன்றிய சிம்சன் கம்பெனி, குதிரை வண்டிகள் கட்டிப் புகழ் பெற்றது. அங்கேயே 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். குதிரை வண்டிக்குக் கூடு கட்டிய தொழில், மோட்டாருக்குக் கூடு கட்டும் தொழிலாக மாறிய காலம் அது.

இனி, துப்பறியும் முறையைக் காண்போம். முதலில் பெயர்த் தகட்டைத் தேடுக. கதவு நிலையின் அடியிலோ, ஓட்டுநர் முன்னுள்ள பலகையிலோ சிறு பித்தளைத் தகடு இருக்கலாம். தகடு போயிருந்தாலும், திருகாணித் துளைகள் இருக்கும். அவற்றின் இடைவெளியை அளந்து, அறிந்த தகடுகளோடு ஒப்பிடலாம்.

அடுத்து, மறைவிடங்களை நோக்குக. கையால் கட்டப்படும் கூட்டில், ஒரு வண்டியின் கதவு மற்றொரு வண்டிக்குச் சரியாகப் பொருந்தாது. வண்ணம் பூசிய பின் தன் கூட்டையே வந்து சேர வேண்டுமென்பதற்காகத் தச்சர்கள் சட்டங்களில் எண்ணைக் குத்தியோ, சுண்ணக்கட்டியால் எழுதியோ வைப்பர். இருக்கைக்கு அடியிலும் உட்புறத் துணிக்குப் பின்னாலும் அவ்வெண் பல்லாண்டு கிடக்கும். அது கூட்டின் எண். சட்டகத்தின் எண்ணோடு குழப்பிக் கொள்ளலாகாது.

மூன்றாவது, கைவண்ணம். மூலக் காரை எங்கே வெட்டினர், எவ்வளவு நீட்டினர், தகடுகளை எவ்வாறு இணைத்தனர், கதவுக் கீல்களும் தளத்து உருளைகளும் எவ்விதம் என்று குறித்துக் கொள்க. பின்புறப் பக்கத்தில் வளைந்த ‘எஸ்’ வடிவ இரும்பு அணி இருந்தால் அதற்கும் கதையுண்டு. பழைய லாண்டோ குதிரை வண்டிகளில் மடங்கும் தோற்கூரையைத் தாங்கிய உறுப்பு அது. பிற்காலத்தில் வெறும் அலங்காரமாக எஞ்சியது. ஆயின் பல நிறுவனங்கள் அதனைப் பயன்படுத்தியமையால், அது தனித்துச் சான்றாகாது. மரமும் அவ்வாறே. இங்கிலாந்தில் ஆஷ் மரமும் நம் நாட்டில் தேக்கும் பெரிதும் பயன்பட்டன. எனினும் பழுது பார்த்தவன் வேறு மரம் சேர்த்திருக்கலாம்.

இறுதியாக, ஏடுகள். பதிவுச் சான்று, பழைய புகைப்படம், விளம்பரம், வாங்கிய சீட்டு ஆகியவை வண்டியின் சாட்சியோடு ஒத்து நிற்க வேண்டும். ஒன்றையொன்று தாங்கும் இரண்டு மூன்று சான்றுகள் கிட்டினால்தான், ‘இன்னார் கட்டியது’ எனலாம். இல்லையேல், ‘இன்னாருடையதைப் போன்றது’ என்று சொல்லி நிறுத்துவதே நேர்மை.

இதிலே ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழைய வண்டியைப் புதுப்பிக்க முனைவோர், முதல் நாளிலேயே உட்துணியைக் கிழித்து, மரத்தைத் தேய்த்து, வண்ணம் பூசிவிடுகின்றனர். வண்டி மின்னும், ஆனால் தச்சன் எழுதிய எண் அழிந்துவிடும். கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசுவதும் இதுவும் ஒன்றே. தேய்த்த எழுத்து மீளாது. ஆதலின் முதலில் படம் எடுத்து, அளந்து, குறித்துக் கொண்ட பின்னரே உளியை எடுக்க வேண்டும்.

எத்தனையோ பேரின் கடைசிப் பயணத்துக்குத் துணைநின்ற ஊர்தியைக் கட்டியவர் பெயரில்லாமல் போகலாகாது. திருமுக்கூடல் கல்லைப் படிக்கும் அதே பொறுமையோடு ஒரு பழைய வண்டியையும் படிக்கப் பழகுங்கள். கல்வெட்டு கல்லில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு கதவின் உட்புறத்திலும் இருக்கலாம்.