வெரோனிக்கா பங்கில் திறந்த வீடு

1985 டிசம்பர் 24. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், புனித வெரோனிக்கா ஆலயத்தின் பங்குத்தந்தையர் குடியிருந்த வீடு எய்ட்ஸ் நோயாளிகளுக்கான இல்லமாகத் திறக்கப்பட்டது. நடத்த வந்தவர்கள் அன்னை தெரசாவின் சபைச் சகோதரிகள். இல்லத்தின் பெயர் 'அன்பின் கொடை'. அங்கே முதலில் வந்து சேர்ந்த மூவரும் சிங் சிங் சிறைக் கைதிகள். நோய் முற்றியிருந்த அவர்களை, அன்னை கேட்டுக்கொண்டதற்கிணங்க அரசு வெளியே விட்டது.

அந்த ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். நோய்க்கு மருந்தே இல்லை; ஏ.இசட்.டி. மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது 1987-இல்தான். மருத்துவமனையில் சாப்பாட்டுத் தட்டை அறைக்கு வெளியே வைத்துவிட்டுப் போன பணியாளர்கள் இருந்தார்கள். இண்டியானாவில் ரயன் வைட் என்ற சிறுவனைப் பள்ளிக்குள் விடவில்லை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், நோயுள்ள குழந்தை ஒன்று படிக்க வருகிறது என்பதற்காகவே பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திப் போராடினார்கள். அப்படிப்பட்ட ஊரில், பெரும்பாலும் ஓரினச்சேர்க்கையாளர்களும் போதை ஊசி போட்டுக்கொண்டவர்களும் சாகக் கிடந்த காலத்தில், ஒரு பங்கு தன் குருக்களின் வீட்டையே கொடுத்தது.

உயிரின் மாண்பு பற்றி அந்த நகரத்தில் அப்போது நிறையவே பேசப்பட்டது. 1983 டிசம்பரில் சிகாகோ கர்தினால் பெர்னார்டின் அங்குள்ள ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், கருக்கலைப்பு, மரண தண்டனை, அணுப்போர் எல்லாவற்றையும் ஒரே அறநோக்கில் பார்க்கச் சொன்னார். மறு ஆண்டு நியூயார்க் பேராயராக வந்த ஜான் ஓ'கானர், இக்கட்டில் இருக்கும் கர்ப்பிணி எந்த மதத்தவராக இருந்தாலும், எங்கிருந்து வந்தாலும் தம் மறைமாவட்டம் உதவும் என்று பகிரங்கமாக அறிவித்தார். எய்ட்ஸ் நோயாளிகளின் படுக்கையருகே அவரே போய் நின்றிருக்கிறார். இந்தப் பேச்சையெல்லாம் பங்கு மக்கள் நம்புவதற்கு அந்த வீடு போல ஒன்று தேவைப்பட்டது என்றே நான் நினைக்கிறேன். சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில், கூட்டம் வேடிக்கை பார்க்க, முன்னே வந்து இயேசுவின் முகத்தைத் துடைத்தவர் வெரோனிக்கா. அவர் பெயர் தாங்கிய பங்கு செய்ததும் அதுதான்.

எல்லாம் சுமுகமாக இருந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆணுறையையும் ஓரினச்சேர்க்கையையும் திருச்சபை எதிர்த்ததில் கடும் கோபம் கொண்டவர்கள் 1989 டிசம்பரில் புனித பேட்ரிக் பேராலயத்திலேயே, திருப்பலி நடக்கும்போது போராடினார்கள். அவர்களில் நண்பர்களை வரிசையாக அடக்கம் செய்தவர்கள் பலர். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. சகோதரிகளின் சேவையிலும் உண்மை இருந்தது. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

நமக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. அந்த இல்லம் திறந்த மறு ஆண்டே, சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் மருத்துவ மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த இரத்தத்தில் ஹெச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. இந்தியாவில் அதுவே முதல் கண்டுபிடிப்பு. வழிகாட்டியவர் மருத்துவர் சுனிதி சாலமன். 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரமும் ஒன்று. அதை ஒழுங்காகச் சாப்பிட்டால் முழு ஆயுள் வாழலாம். ஆனாலும் மாத்திரை வாங்கி வருகிறவர் மேலுறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு டப்பாவில் மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைகிறார். தெரிந்தால் வாடகை வீடு போய்விடும், மகள் கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம்.

நம் பங்குகளில் உயிரின் மாண்பு என்றால் பெரும்பாலும் கருவைப் பற்றிய மறையுரையும் ஒரு பதாகையும்தான். கருவைக் காக்கச் சொல்வது சரியே. அதே கையோடு, வாரந்தோறும் வீடு வீடாக நடக்கும் அன்பியக் கூட்டம் இப்படி மாத்திரையை மறைத்து வாழும் ஒருவர் வீட்டிலும் நடக்கட்டும். ஜெபம் முடிந்து அவர் போட்டுத் தரும் காபியைப் பங்குப் பேரவைத் தலைவரும் சாமியாரும் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போகட்டும்.