சட்டம் படிக்க ஆசையா? பட்டம் வாங்கிய பிறகுதான் இருக்கு கணக்கு!

ப்ளஸ் டூ முடித்தால் ஐந்து வருடப் படிப்பு, டிகிரி முடித்தால் மூன்று வருட எல்.எல்.பி. இது பலருக்கும் தெரியும். தமிழக அரசு சட்டக் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. மார்க் அடிப்படையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் கவுன்சலிங் நடத்துகிறது. திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு ‘கிளாட்’ எழுத வேண்டும். இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், தப்பான பதிலுக்கு கால் மார்க் போய்விடும். கேள்விகள் ஆங்கிலத்தில்தான். பத்தி பத்தியாகப் படித்துப் பழகாதவர்கள் திணறுவது இங்கேதான்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்கள் உஷார். ‘காலேஜுக்கு வரவே வேண்டாம், எல்.எல்.பி. வாங்கித் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தபால் வழிச் சட்டப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. ப்ளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக டிகிரி வாங்கியவர்களுக்கும் சட்டக் கல்லூரியில் இடம் கிடைக்காது.

சரி, பட்டம் கையில் வந்தாச்சு. அடுத்து பார் கவுன்சில் பதிவு. பல மாநிலங்களில் இதற்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு அகில இந்திய பார் தேர்வு. குறிப்பு எழுதாத சட்டப் புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம். 45 சதவிகிதம் எடுத்தால் பாஸ், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பயப்பட வேண்டியது ஜூனியராக இருக்கும் வருடங்களுக்குத்தான். சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது ஜூனியர்களுக்குத் தர வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் பஸ் காசோடு வீடு திரும்பும் ஜூனியர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘படித்து முடித்ததும் நேரே நீதிபதி தேர்வு’ என்ற கனவுக்கும் 2025 மே 20-ல் முட்டுக்கட்டை விழுந்தது. சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருடம் வக்கீலாகப் பணியாற்றியிருக்க வேண்டும் என்பது அன்றைய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. வீட்டில் முதல் வக்கீல் என்றால், காலேஜ் பீஸோடு இந்த வருடங்களின் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் சேர்த்தே பணம் ஒதுக்கி வையுங்கள்.

ஐந்து வருடப் படிப்பில் 20 வாரம், மூன்று வருடப் படிப்பில் 12 வாரம் இன்டர்ன்ஷிப் உண்டு. சர்டிபிகேட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், உள்ளூர் கோர்ட்டில் உட்கார்ந்து பாருங்கள். பின்னாளில் உங்களைச் சேர்த்துக்கொள்ளப்போகும் சீனியர் அங்கேதான் வாதாடிக்கொண்டிருப்பார்.