ஏற்புரைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

நம்முடைய நூல் வெளியீட்டு விழாக்களில் மங்கல விளக்கேற்றி, தலைமையுரையும் வாழ்த்துரையும் ஆய்வுரையும் நிகழ்ந்து, முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் கையளிக்கப்பட்ட பின்பு, நூலாசிரியர் ஏற்புரைக்கு எழும் வேளையில் சபையிற் பாதிப் பேர் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க எழுந்துவிடுகின்றனர். சமூகத்தின் நடப்பை ஆராய்ந்தெழுதிய நூலாயின், இதை யாரிடம் கேட்டறிந்தீர், எவ்வாறு இம்முடிவுக்கு வந்தீர் என்று ஆசிரியரையே வினவும் சந்தர்ப்பம் அத்தோடு போய்விடுகிறது.

அமெரிக்காவில் இத்தகைய நூல்களை எழுதுவோர் ஊரூராகச் சென்று, நூலகங்களிலும் புத்தகக் கடைகளிலும் வாசகரின் கேள்விகளுக்கு விடை கூறுவது வழக்கமாக வேரூன்றியிருக்கிறது. மில்வாக்கி நகரின் ஏழைக் குடியிருப்புகளில் தாமும் வாழ்ந்து, வாடகை கட்ட இயலாமல் வெளியேற்றப்படுவோரைப் பற்றி மாத்யூ டெஸ்மண்ட் 2016இல் 'எவிக்டட்' என்னும் நூலை வெளியிட்டார். வேலை போனால் லயத்துக் காம்பராவும் போகும் என்ற அச்சத்திலேயே தலைமுறைகளைக் கழித்த பதுளைத் தோட்டத்து ஜனங்களுக்கு அந்நூலின் விஷயம் அந்நியமானதன்று.

ஊவாவுக்கென்று இத்தகைய எழுத்தாளர் இல்லாமலில்லை. ஹாலிஎலைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் 1934இல் பிறந்து, தாம் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னே சூடிக்கொண்ட தெளிவத்தை ஜோசப்பைக் கதாசிரியராகவே பலரும் அறிவர். ஆயினும் சிதறிக் கிடந்த பத்திரிகைகளையும் மலர்களையும் தேடித் தொகுத்து அவர் எழுதிய 'மலையகச் சிறுகதை வரலாறு', ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே எழுதத் தொடங்கிய விருத்தாந்தமாகும். அவர் 2022இல் காலமானார். அவருடைய 'நாமிருக்கும் நாடே' தொகுதியை 1979இல் 'வைகறை' மூலம் வெளியிட்டவர், பதுளையிற் பிறந்து பின்னாளில் லண்டனில் வாழ நேர்ந்த மு. நித்தியானந்தன்.

அந்த நித்தியானந்தனின் 'கூலித் தமிழ்' 2014இல் சென்னையில் க்ரியா வெளியீடாக வந்தது. 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி'யையும், தோட்டத்துத் துரைமாருக்குத் தமிழ் கற்பிக்கவென எழுந்த 'கூலித் தமிழ்' என்னும் கைநூலையும் எடுத்துக்கொண்டு, ஒருவனை வேலைக்கு ஏவுவதற்கும் அதட்டுவதற்கும் அடக்குவதற்கும் வேண்டிய அளவுக்கு மட்டும் அவனுடைய தாய்மொழியைக் கற்ற அதிகாரத்தின் மனோபாவத்தை அவர் நம் கண்முன் நிறுத்துகிறார். பெரட்டில் நின்று அந்த ஏவலைக் கேட்டவர்களின் பேரர்களும் பேத்திகளும் பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் இருக்கிறார்கள். இந்நூலைப் பற்றி ஆசிரியரோடு முதலில் உரையாட வேண்டியவர்கள் அவர்களே என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கடல் கடந்தும் நூல்கள் எழுகின்றன. கலிபோர்னியாவில் பேராசிரியையாக விளங்கும் மைத்ரி ஜெகதீசன், மலையகத் தமிழ்ப் பெண்களின் உழைப்பை ஆராய்ந்து 2019இல் 'டீ அண்ட் சாலிடாரிட்டி' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். கொழுந்தின் நிறை குறைந்ததற்காக அரைப்பேர் போடப்பட்ட ஒரு பெண், அதன் ஒரு பக்கத்தையேனும் தமிழிற் கேட்டுவிட்டு, இது சரி, இது அவ்வாறன்று என்று சொல்வாளாயின், எந்தப் பல்கலைக்கழக மதிப்புரையும் அதற்கு ஈடாகாது.

இதை நான் வற்புறுத்துவதற்குச் சரித்திர நியாயம் உண்டு. 1948இல் இம்மக்களிற் பெரும்பாலோரின் பிரஜாவுரிமை பறிபோனபோதும், 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோதும், பங்கிடப்பட்டவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களைப் பற்றி அவர்களில்லாத சபையிற் பேசும் அவ்வழக்கத்தை, அவர்கள்பால் அன்பு கொண்டு எழுதும் நூலாசிரியர்களும் தொடர்வது தகாது.

தோட்டத்து ஜனங்கள் படிக்கமாட்டார்கள் என்பார் உளர். தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. லயத்திற் பிறந்த ஆசிரியர்களும் பட்டதாரிகளும் இன்று ஊவாவெங்கும் உளர். 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணிற் புதையுண்டதைப் பற்றி எவரேனும் எழுதி வந்தால், அவரிடம் கேட்பதற்கு இவர்களிடம் கேள்விகள் நிறைய இருக்கும். வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பாடசாலை மண்டபம், மலிவுப் பதிப்பிற் சில பிரதிகள், ஆங்கில நூலாயின் இரண்டோர் அத்தியாயங்களின் தமிழாக்கம் ஆகிய இவ்வளவே தேவை. அன்று பொன்னாடையும் வாழ்த்துரையும் வேண்டாம். ஏற்புரையை முதலில் வைத்து, மீதிப் பொழுதைக் கேட்க வந்தவர்களுக்கு விட்டுவிடலாம்.