கடலுக்குச் செல்வோர் கவனத்திற்கு: கோவளத்தில் ஒரு நாள்

உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும் என்பதை மறுப்பார் எவருமில்லை. ஆயினும் ஓய்வு நாளும் முன்கூட்டியே திட்டமிடப்பட வேண்டும். அவ்வாறன்றேல் அது உழைப்பைவிட மிகுந்த களைப்பையும், சில வேளைகளில் தீராத துயரத்தையும் தந்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துச் சங்கங்களுக்கு ஆய்வின் பொருட்டுச் செல்லுமிடங்களில் நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "குடும்பத்தோடு கடற்கரைக்கு ஒரு நாள் போய் வரவேண்டும், எங்கே, எப்போது போவது நலம்?" என்பதே அது. கேட்போருள் தறியில் அமர்வோரும் உளர். நெல்லும் காய்கறியும் பயிரிடுவோரும் உளர். இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டிலும், ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டிலும் பெரிய மோட்டார் தொழிற்சாலைகள் கார் உற்பத்தியைத் தொடங்கிய பின்னர், இவர்களுடைய மக்கள் பலர் அங்கு முறை வேலைக்குச் செல்கின்றனர். பிள்ளைகள் ஈட்டும் ஊதியத்தாலும், அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும் விடுமுறையாலும் கடற்கரைப் பயணம் இன்று எளிதாகிவிட்டது. கடலைப் பற்றிய அறிவு மட்டும் அந்த அளவிற்கு வளரவில்லை. நம்மவர் ஏரிக்கரை மக்கள். செம்பரம்பாக்கம், பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் ஏரிகளின் நீரில் நீந்திப் பழகியவர்கள். ஏரியில் கற்ற நீச்சல் கடலிலும் காக்கும் என்று நம்பிவிடுவதுதான் இப்பயணத்தின் முதல் ஆபத்து. ஆகவே இக்கட்டுரையில் வழியையும் செலவையும் மட்டுமன்றி, கடலின் போக்கையும் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

கோவளமும் அதற்குரிய வழியும்

நம் வட்டாரத்தார்க்கு வசதியான கடற்கரை கோவளம். கேரளத்துக் கோவளத்தை நாம் குறிப்பிடவில்லை. செங்கற்பட்டு மாவட்டத்தில், முட்டுக்காட்டுக் கழிமுகத்திற்குத் தெற்கே உள்ள மீனவர் ஊரையே குறிப்பிடுகிறோம். மாதா கோயிலும், தமீம் அன்சாரி தர்காவும், படகுகள் நிற்கும் மணலும் அருகருகே அமைந்த ஊர் இது. 1752ஆம் ஆண்டில் இங்கிருந்த கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கிளைவ் கைப்பற்றினார் என்பது சரித்திரம்.

2021ஆம் ஆண்டு செப்டம்பரில் இக்கடற்கரைக்கு 'நீலக்கொடி'ச் சான்று வழங்கப்பட்டது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை வழங்கும் சான்று இது. நீரின் தூய்மை, சுற்றுச்சூழல் பராமரிப்பு, பாதுகாப்பு முதலிய 33 விதிகளை நிறைவேற்றும் கரைக்கே அது அளிக்கப்படும். ஆண்டுதோறும் மறு ஆய்வும் உண்டு. உயிர்காப்போர், குறிக்கப்பட்ட குளிக்குமிடம், கழிப்பறை ஆகியவற்றை இவ்விதிகள் வலியுறுத்துவதால், பெண்களோடும் குழந்தைகளோடும் செல்வோர் அச்சான்று பெற்ற பகுதியையே நாடுவது நலம்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் – வண்டலூர் சாலையில் கிழக்கே சென்று, படப்பை வழியாக வண்டலூரை அடையலாம். அங்கிருந்து கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் வழியே கேளம்பாக்கம். அதன் கிழக்கே உப்பளங்களையும் கழியையும் கடந்தால் கோவளம். எல்லாமாக ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பேருந்தில் செல்வோர் ஓர் ஊர்ப் பெயரில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வண்டலூரை அடுத்து 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட பேருந்து முனையம் இருப்பது கிளாம்பாக்கம். கோவளத்திற்குத் திரும்பும் இடம் கேளம்பாக்கம். ஓர் எழுத்து மாறினால் அரை நாள் வீணாகும்.

எந்த நாளில் செல்வது?

இதுவே இக்கட்டுரையின் முதன்மையான செய்தி. நெசவாளர் தறியை நிறுத்தி ஓய்வு கொள்ளும் வழக்கமான நாள் அமாவாசை. நம் மக்கள் கடலாடச் செல்லும் நாட்களும் ஆடி அமாவாசை, தை அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய மாசி மகம் ஆகியவையே. இந்நாட்களில் சூரியனும் சந்திரனும் பூமியோடு ஒரே கோட்டில் நின்று கடலை ஈர்க்கின்றன. அதனால் கடலின் ஏற்றமும் இறக்கமும் மிகுதியாகின்றன. நமக்கு ஓய்வு நாள் எதுவோ, அது கடலுக்கு வேலை நாள் என்று கொள்ளலாம்.

சந்திரன் பாதியாகத் தோன்றும் அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அவ்விரு ஈர்ப்பும் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்பதால் ஏற்ற இறக்கம் குறைவு. நற்காரியங்களுக்கு ஆகாதெனப் பெரியோர் தள்ளிவைக்கும் அஷ்டமியும் நவமியும், குழந்தைகளைக் கடலுக்கு அழைத்துச் செல்ல ஒருவகையில் ஏற்ற நாட்களாகின்றன. சென்னைக் கரையில் ஏற்ற இறக்க வேறுபாடு பெருநாட்களிலும் ஏறக்குறைய 1 மீட்டர்தான். ஆகவே நாள் பார்த்துவிட்டோம் என்பதால் கவலை தீர்ந்ததென்று கருதலாகாது. அலையை எழுப்புவது சந்திரன் அன்று, காற்று. நெடுந்தொலைவில் வீசிய புயலின் அலை, இங்கு வானம் தெளிந்திருக்கும் நாளிலும் வந்து கரையை அடிக்கும்.

பருவத்தையும் எண்ண வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் உள்ள காலம். குடும்பப் பயணத்திற்கு ஆகாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து வலிய அலை வரும். அது அலைச்சறுக்கில் தேர்ந்தவர்களின் காலம். சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனி மாதங்களே நம்மவர்க்கு உகந்தவை. முதல் நாள் மாலையில் வானிலை நிலையத்தின் அறிவிப்பையும், ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் உயரலை எச்சரிக்கையையும் பார்த்துவிட வேண்டும். கரையை அடைந்ததும் மீனவர் ஒருவரைக் கேட்பது அவற்றினும் நன்று. அவர் "இன்று வேண்டாம்" என்றால் மணலில் விளையாடித் திரும்புவதே விவேகம்.

மதகும் இழுப்பும்

ஏரியில் மதகைத் திறந்தால் என்ன நிகழும் என்பதை உழவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பரந்து கிடந்த நீர் முழுவதும் அந்தச் சிறு வாயை நோக்கி விரைகிறது. கடலில் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. அலைகள் ஓயாது கரைக்குக் கொணரும் நீர் திரும்பிச் சென்றாக வேண்டும். மணல் திட்டில் பள்ளமான ஓர் இடைவெளி கண்டால் அதன் வழியே ஆறுபோல் உள்நோக்கி ஓடும். பாறையையும் கற்கரையையும் ஒட்டி இவ்வோட்டம் அடிக்கடி அமையும். கடல் இறங்கும் வேளையில் வலுக்கும். ஏரி மதகு இருக்குமிடம் நமக்குத் தெரியும். கடலின் மதகோ நாளுக்கு நாள் இடம் மாறும். கொடிய செய்தி மற்றொன்று: இருபுறமும் அலை நுரைத்து உடைய, நடுவில் அலையின்றி அமைதியாகத் தோன்றும் இடமே பெரும்பாலும் அந்த இழுப்பு ஓடும் வழி. அறியாதவர், "இங்கு அலை இல்லை" என்று குழந்தையை அவ்விடத்திலேயே இறக்கிவிடுகின்றனர்.

இழுப்பில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் இடலாகாது; தேர்ந்த நீச்சல்காரரும் அதில் சோர்ந்துபோவர். இழுப்பு ஆளைக் கீழே அமிழ்த்துவதில்லை; வெளியே கொண்டு செல்வதோடு சரி. ஆகவே மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கோர வேண்டும். நீந்த இயலுமாயின் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்தை அடைந்து, அலையோடு கரை சேரலாம்.

கரையில் நிற்பவர் பதறிக் குதித்தல் கூடாது. ஒருவரைக் காக்கப் போய் இருவர் மூவர் மாள்வது இவ்வாறே நேர்கிறது. மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் கேன், காற்றடைத்த டியூப், நீண்ட கயிறு ஆகியவற்றை எறிந்து, உயிர்காப்போரை அழைக்க வேண்டும். கரை சேர்க்கப்பட்டவரின் வயிற்றை அமுக்குவதும், தலைகீழாகச் சுழற்றுவதும் பயனற்றவை, கேடும் விளைக்கும். மூச்சில்லையேல் தலையைச் சற்றுப் பின்சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதவும், மார்பின் நடுவே விரைந்து அழுத்தவும் வேண்டும். இதனைச் சங்கத்து இளைஞர் இருவரேனும் ஆரம்ப சுகாதார நிலையத்தாரிடம் முன்னரே கற்றிருத்தல் நலம். 108 ஆம்புலன்சுக்கும், 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திற்கும் உரிய எண்கள்.

உடையைப் பற்றியும் ஒரு சொல். நூல் எவ்வளவு நீரைக் குடிக்கும் என்பதை நெசவாளரைவிட அறிந்தவர் யார்? நனைந்த சேலையும் வேட்டியும் கனத்துக் காலைச் சுற்றிக்கொள்ளும். முழங்காலுக்கு மேற்பட்ட நீரில் இறங்குவோர் உடலோடு ஒட்டிய குறுகிய ஆடை அணிவதே பாதுகாப்பு. மது அருந்தியவரை நீரில் இறங்க விடலாகாது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அலைச்சறுக்கு

பலகை மீதேறி அலையில் சறுக்கும் விளையாட்டு கோவளத்திற்குப் புகழ் தந்துள்ளது. இவ்வூர் மீனவரான மூர்த்தி மேகவன் 2012ஆம் ஆண்டில் இதற்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். மீனவ இளைஞர் பலர் இன்று பயிற்றுநர்களாக விளங்குகின்றனர். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி அருகிலுள்ள மாமல்லபுரத்திலேயே நடைபெற்றது. அதில் இந்தியர் ஒருவர் வெண்கலப் பதக்கம் பெற்றார். கட்டுமரம் என்னும் நம் சொல்லை உலக மொழிகளுக்குத் தந்த கரை இது. பலகையைக் கண்டு மீனவச் சிறுவர் மருளாததில் வியப்பில்லை.

நம் பிள்ளைகளுக்கு ஆசை இருப்பின், முன்பதிவு செய்து, பயிற்றுநர் துணையோடு மட்டுமே அனுப்புக. நீந்தத் தெரியாதவராயின் அதனை மறைக்காது முதலிலேயே கூறிவிட வேண்டும். முதற்பாடம் மணலில், பின்னரே இடுப்பளவு நீரில். பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு உறுதியாக உள்ளதா என்று பார்த்துக்கொள்க. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்து நீரைக் கலக்கிவிடும். ஆகவே விடியற்காலையே நல்ல வேளை. நாலரை மணிக்கு ஒரகடத்தை விட்டுப் புறப்பட்டால் ஆறு மணியளவில் கரையில் இருக்கலாம். பத்து மணிக்குள் நீராட்டை முடித்து நிழலுக்குத் திரும்பலாம்.

கரை யாருடையது?

கடற்கரை நமக்கு விளையாடுமிடம், மீனவருக்கோ தொழிற்கூடம். தெருவில் நீட்டியிருக்கும் பாவை ஒருவன் மிதித்துச் சென்றால் நெசவாளர் மனம் என்ன பாடுபடும்! மணலில் உலர்த்தியிருக்கும் வலையும் அத்தகையதே. அதனை மிதிப்பதும், படகின் மேலேறிப் படமெடுப்பதும், குப்பையை விட்டு வருவதும் ஒரு தொழிலாளி மற்றொரு தொழிலாளிக்குச் செய்யும் அவமதிப்பு. மீன் வாங்குவோர் கரையில் மீனவப் பெண்களிடமே நேரே வாங்குக. இடைத்தரகரால் விளையும் நட்டத்தை நாம் அறியாதவர்கள் அல்லர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது மீன் வரத்துக் குறையும் என்பதையும் நினைவிற் கொள்க.

கூட்டாகச் செல்லும் முறை

நகரக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் இந்நாட்டின் முதலாவது, 1904ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்தில் பதிவானது. பலர் சேர்ந்து சிறு தொகை இட்டுப் பெரும் பயன் பெறும் வழியை நம் வட்டாரம் நூறாண்டுகளுக்கு மேலாக அறியும். அதே வழியைப் பயணத்திலும் கைக்கொள்ளலாம். சங்கத்தின் பணத்தைத் தொடாது, செல்வோரிடம் மட்டும் மாதந்தோறும் சிறு தொகை பெற்று, ரசீது கொடுத்து, தனிக் கணக்கு எழுதுக. வண்டி வாடகை, உணவு, பயிற்சிக் கட்டணம், எதிர்பாராச் செலவு என்று தலைப்பு வாரியாகப் பிரித்து, மீந்ததைத் திருப்பித் தருக. அருகில் தங்கியுள்ள வெளிமாநிலத் தொழிலாளரும் உடன்வர விரும்பினால் சேர்த்துக்கொள்க. அவர்களுள் கடலையே கண்டிராதவர் பலர். மேற்கூறிய எச்சரிக்கைகளை அவர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லுவதும் நம் கடமை.

நீராடுவோர் ஐவருக்கு ஒருவர் வீதம் கரையில் காவல் நிற்க வேண்டும். அவர் கைபேசியை எடுத்தலாகாது. சிறு குழந்தை ஒவ்வொன்றும் பெரியவர் ஒருவரின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் ஒன்று எழுதி, நீரில் இறங்கும்போதும், ஏறும்போதும், வண்டி புறப்படும்போதும் பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். சங்கக் கணக்கில் சில்லறை வேறுபாடு கண்டால் விளக்கம் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். இந்தக் கணக்கில் தொடக்க இருப்பும் இறுதி இருப்பும் ஒத்தே தீரவேண்டும். அதற்கு வேண்டிய பட்டியலை அடுத்த மாதக் கூட்டத்திலேயே எழுதத் தொடங்கலாம்.