உஷார்! குப்பைப் பைக்குள் ஊசி இருக்கிறது

சர்க்கரை நோய் இல்லாத தெரு இப்போது ஏது? இன்சுலின் போட்ட பிறகு அந்த ஊசி எங்கே போகிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். "குப்பையிலதான்" என்பார்கள். அதிலும் பாதிப் பேர் மூடியைத் தேடிப் பொருத்துவதில்லை. மறுநாள் காலை பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர், நாம் பிரிக்காத பையைத் தன் கையால் அவிழ்த்து, சோற்றை ஒரு டிரம்மிலும் பால் கவரை இன்னொன்றிலும் தள்ளுகிறார். கையுறை இருந்தாலும் ஊசிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள், தொற்றும் வீரியத்தோடு இருக்கக்கூடியது.

இதை வெறும் அலட்சியம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒழுங்காக யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் உண்மை. வீட்டு அபாயக் கழிவு தனி வகை என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே வந்துவிட்டது. ஆனால் சுவர் விளம்பரத்தில் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி, ஒரு வாழைப்பழத் தோல். வாழைப்பழத் தோலை எதில் போடுவதென்று எவருக்காவது சந்தேகம் வந்திருக்கிறதா? டயபரை எதில் போடுவது, காலாவதியான மாத்திரையை என்ன செய்வது, பொம்மைக் காரின் செல்லை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் வீடு திணறுகிறது. டீக்கடை பேப்பர் கப்பில்கூட உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. காகிதம்தானே என்று மக்கும் குப்பையில் போட்டுவிடுகிறோம்.

இதைவிடப் பயங்கரம் லித்தியம் பேட்டரி. பழைய செல்போன், பவர் பேங்க், காதில் மாட்டும் இயர்பட்ஸ் எல்லாவற்றிலும் அதுதான். குப்பையை நசுக்கும் லாரிக்குள் அது நசுங்கினால் உள்ளுக்குள் சூடேறித் தீப்பிடிக்கும். லாரியில் தப்பினால் குப்பைமேட்டில். சென்னை பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்தது. கொச்சி பிரம்மபுரம் 2023 மார்ச்சில் பற்றியபோது ஊரே மூச்சுத் திணறியது. அந்தத் தீக்கெல்லாம் பேட்டரிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டு மிச்சமும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகப் புதைந்து, மீத்தேன் கக்கிக்கொண்டிருக்கும் மேட்டுக்கு ஒரு பொறி போதும்.

ஆகவே இன்றைக்கே செய்யுங்கள். ஊசி, பிளேடு எல்லாம் கெட்டியான, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போகட்டும். வெளியே பெரிதாக "ஊசி" என்று எழுதுங்கள். பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டித் தனியே வையுங்கள். நாப்கினையும் டயபரையும் காகிதத்தில் சுற்றி, பார்த்ததும் தெரியும்படி அடையாளமிட்டுக் கொடுங்கள். டியூப் லைட், சிஎஃப்எல் பல்பில் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்புங்கள். துடைப்பத்தால் கூட்டவே கூடாது. கெட்டி அட்டையால் அள்ளி, மிச்சத்தை ஈரத் துணியால் ஒற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு மூடுங்கள்.

குடியிருப்போர் சங்கத்தாருக்கு ஒரு வார்த்தை. "குப்பையைப் பிரித்துத் தாரீர்" என்று இனியும் நோட்டீஸ் அடிக்காதீர்கள். அதைப் படித்து யாரும் எதையும் பிரித்ததில்லை. பொருளின் பெயரைச் சொல்லுங்கள்: ஊசி, செல், பல்பு, டயபர், மாத்திரை. எதை எதில் போடுவது, எந்தக் கிழமை யார் வாங்கிக்கொள்வார் என்பதையும் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டும்படி கொடுங்கள். அந்தக் கிழமை எதுவென்று சங்கத்துக்கே தெரியாவிட்டால் நாளைக் காலை வண்டியில் வரும் பணியாளரிடம் கேளுங்கள். அவருக்கும் சொல்லப்படவில்லை என்றால், நேரே வார்டு அலுவலகத்துக்குப் போய், எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.